மாஞ்சோலை போகிறீர்களா? அண்ணாச்சியிடம் கேளுங்கள்

திருநெல்வேலி மாவட்டத்துத் தேயிலை மலையான மாஞ்சோலையைப் பற்றி மலைப்பாதை, மழை, எஸ்டேட் வரலாறு என்று எதையும் கேட்கலாம். அறை வாடகை மட்டும் என்னிடம் கேட்க வேண்டாம்.

பாளையங்கோட்டை வாசகி: அண்ணாச்சி, குழந்தைகளோடு காரில் போகலாமா?

போகலாம் அம்மா, ஆனால் நினைத்த மாத்திரத்தில் முடியாது. அது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. அம்பாசமுத்திரத்தில் வனத்துறையிடம் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். மழை வலுத்தால் பாதையை அடைத்துவிடுவார்கள். விசாரிக்காமல் கிளம்பினால் மணிமுத்தாறு சோதனைச்சாவடியோடு திரும்ப வேண்டியதுதான்.

என்னைக் கேட்டால் கல்லிடைக்குறிச்சி வழியாகப் போகும் அரசு பஸ்தான் நல்லது. மணிமுத்தாறு அருவியைத் தாண்டியதும் பாதை குறுகிவிடும். மரக்கிளைகள் ஜன்னல் கம்பியில் உரசி, இலையைப் பிய்த்து மடியில் போட்டுவிட்டுப் போகும். பிள்ளைகளின் கை உள்ளேயே இருக்கட்டும். குரங்குக்குத் தின்ன எதுவும் கொடுக்காதீர்கள்.

தூத்துக்குடி வாசகர்: பைக்கில்?

விடமாட்டார்கள். யானை நடமாடும் வழி தம்பி.

கோவில்பட்டி வாசகர்: எந்த மாதம் நல்லது?

ஜனவரி முதல் மார்ச் வரை. ஜூனிலிருந்து சாரலும் பனிமூட்டமுமாக இருக்கும். அதையும் விரும்பிப் போகிறவர்கள் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் வேண்டாம். வடகிழக்குப் பருவத்தில் மாநிலத்திலேயே அதிக மழை என்று செய்தியில் அடிக்கடி அடிபடும் ஊத்து, நாலுமுக்கு எஸ்டேட்டுகள் இந்த மலையில்தான் இருக்கின்றன. 2023 டிசம்பர் வெள்ளத்தைத் தாமிரபரணிக் கரைக்காரர்களுக்கு நான் நினைவுபடுத்த வேண்டியதில்லை.

ஈரக் காலத்தில் அட்டை ஏறும். ஷூவின் கயிற்றுத் துளை அதற்குப் போதும். காலுறையில் ரத்தம் ஊறிய பிறகுதான் உங்களுக்கே தெரியும். பிய்த்து இழுக்காதீர்கள், உப்பைத் தடவினால் தானே விழுந்துவிடும்.

தென்காசி வாசகர்: ஊட்டி மாதிரி ஏரி, பூங்கா, வெள்ளைக்காரர் பங்களா எல்லாம் உண்டா? ‘நெல்லையின் ஊட்டி’ என்கிறார்களே?

அந்தப் பட்டப்பெயரைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். ஊட்டி, துரைமார் கோடைக்கு ஓய்வெடுக்க உண்டாக்கிய ஊர். மாஞ்சோலை தேயிலைக் கொழுந்து பறிக்க உண்டாக்கிய ஊர். 1929இல் சிங்கம்பட்டி ஜமீன் 8,300 ஏக்கருக்கும் மேற்பட்ட காட்டை 99 ஆண்டுக் குத்தகைக்கு பம்பாய் பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன் என்ற நிறுவனத்திடம் கொடுத்தது. வழக்குச் செலவுக்காகக் கொடுத்தார்கள் என்று ஊரில் சொல்வார்கள். காட்டை வெட்டித் தேயிலை நட்டவர்கள் கூலி ஜனங்கள். மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று வரிசையாக எழுந்தவை அவர்களின் லயன் வீடுகள்தான், அதாவது ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகள்.

1999 ஜூலை 23 அன்று, இந்தத் தொழிலாளர்களுக்காகத் திருநெல்வேலியில் நடந்த ஊர்வலத்தில் போலீஸ் தடியடி நடத்தியது. தாமிரபரணி ஆற்றுக்குள் விரட்டப்பட்டவர்களில் 17 பேர் இறந்தார்கள். குத்தகை 2028இல் முடிகிறது. 2024லேயே அந்த நிறுவனம் விருப்ப ஓய்வு என்று சொல்லித் தொழிலாளர்களை அனுப்பத் தொடங்கிவிட்டது. ஏரியும் பூங்காவும் இல்லை. ஊர் காலியாவதற்கு முன் போய்ப் பாருங்கள்.

ஊத்து எஸ்டேட்டில் பிறந்தவர்: காலியாவதற்கு முன் பார்க்க அது பொருட்காட்சியா அண்ணாச்சி? என் பாட்டி கொழுந்து பறித்த இடம். எங்கள் கோயிலும் சர்ச்சும் அங்கே இருக்கின்றன.

கோபம் நியாயம்தான். ஆனால் ‘போங்கள்’ என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கீழே இருப்பவர்கள் அந்த லயன் வீடுகளைக் கண்ணால் பார்த்தால்தான் அது தேயிலைத் தோட்டத்தைப் படம் எடுக்கும் இடம் மட்டும் அல்ல என்பது உறைக்கும்.

நெல்லை டவுன் வாசகர்: உணர்ச்சிவசப்பட வேண்டாம். அது சிங்கவால் குரங்கு வாழும் சோலைக்காடு. குத்தகை முடிந்ததும் காடாகவே விட்டுவிட வேண்டும்.

சிங்கவால் குரங்கு மரத்துக்கு மரம் தாவி வாழ்வது. அதற்குத் தொடர்ச்சியான காடு வேண்டும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் கவாத்து செய்யாமல், அதாவது கிளையை வெட்டிவிடாமல், விட்ட தேயிலையே மரமாக வளர்ந்து நிற்கும். பழைய சோலை தானாக வந்துவிடும் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். ஆள் வைத்து வளர்க்க வேண்டும். அந்த மலையின் ஒவ்வொரு சரிவையும் அறிந்தவர்களுக்கே அந்த வேலையைக் கொடுத்தால் என்ன? ஜனங்களை இறக்கிவிட்டு, அதே இடத்தில் பயணிகளுக்குச் சொகுசு விடுதி கட்டினால் அதற்குக் காட்டுப் பாதுகாப்பு என்று பெயர் வைக்காதீர்கள்.

ஊத்து எஸ்டேட்டில் பிறந்தவர்: வேலை கொடுத்தால் வீடும் கொடுக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சேர்த்தே சொல்கிறேன்.

சாத்தான்குளம் வாசகர்: பைக்கில் போகலாமா?

இரண்டாவது பதிலைப் படியுங்கள்.

வள்ளியூர் வாசகர்: தங்க அறை என்ன விலை?

முதல் வரியைப் படியுங்கள்.

சேரன்மகாதேவி வாசகி: போகிற வழியில் சொரிமுத்து அய்யனார் கோயிலையும் பார்த்துவிடலாமா?

அது வேறு வழி அம்மா. பாபநாசம் சோதனைச்சாவடி தாண்டிக் காரையார் போகும் பாதையில் இருக்கிறது. இரண்டையும் ஒரே நாளில் வைத்துக்கொண்டு ஓடாதீர்கள். ஆடி அமாவாசைக் கூட்டத்தில் போவதாக இருந்தால், வண்டியை எதுவரை விடுவார்கள் என்று பாபநாசத்தில் கேட்டுக்கொண்டு போங்கள்.