எழுதிக் கொடுப்பதற்கு முன்னும் பின்னும்: முதியோர், மாற்றுத்திறனாளிகள் சொத்துரிமை குறித்த கேள்வி பதில்

பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, வளவு வீடுகளில் (பங்காளிகளுக்குப் பொதுவான பெரிய பூர்வீக வீடுகளில்) முதியவர்கள் மட்டும் இருக்கும் நம் செட்டிநாட்டு ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு, வழக்கறிஞர் என்ற முறையில் பதில் எழுதியிருக்கிறேன். கேட்டவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

பள்ளத்தூர் ஆச்சி ஒருவர், வயது 76: எங்களுக்குப் பிள்ளை இல்லாததால் பங்காளி வீட்டுப் பிள்ளையைச் சுவீகாரம் எடுத்தோம். 2019-இல் என் பெயரிலிருந்த காரைக்குடி வீட்டை அவனுக்குச் செட்டில்மென்ட் (வாழும் காலத்திலேயே சொத்தை உறவினர் பெயருக்கு மாற்றும் பத்திரம்) எழுதிக் கொடுத்தேன். இப்போது மருந்துச் செலவுக்குக்கூடப் பணம் தருவதில்லை. பத்திரத்தில் நிபந்தனை எதுவும் எழுதவில்லை. வீட்டைத் திரும்பப் பெற முடியுமா?

ஆச்சி, முதலில் உங்கள் மருந்துச் செலவைப் பார்ப்போம். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம், 2007, சுவீகாரம் எடுத்த தாயையும் பெற்றோர் என்றே கொள்கிறது. ஆகவே, வீட்டைப் பற்றிய முடிவு எப்படி அமைந்தாலும், மாதம் 10,000 ரூபாய்க்கு மேற்படாத பராமரிப்புத் தொகையை அவரிடம் நீங்கள் கேட்கலாம். தேவகோட்டைக் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் நீங்களே மனுக் கொடுக்கலாம். வழக்கறிஞர் வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. எதிர்த் தரப்புக்கு அறிவிப்புப் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து 90 நாட்களுக்குள் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. காரணம் இருந்தால் 30 நாட்கள் நீட்டிக்கலாம்.

வீட்டைப் பொறுத்தவரை உறுதியான வாக்குக் கொடுக்க என்னால் இயலாது. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையுடன் கொடுத்த சொத்தை, அந்த நிபந்தனை மீறப்பட்டால் செல்லாததாக்கும் அதிகாரத்தை அச்சட்டத்தின் 23-ஆம் பிரிவு தருகிறது. அப்படியொரு நிபந்தனை இருந்ததை நிறுவ வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022 டிசம்பரில் கூறியது. இது முதியோர் நலனுக்கான சட்டம் என்பதால் தாராளமாகப் பொருள் கொள்ள வேண்டும் என்று 2025 ஜனவரியில் கூறி, வேறொரு வழக்கில் தாயின் பக்கம் தீர்ப்பளித்தது. எனவே எழுதிக் கொடுத்த காலத்தில் அவர் சொன்ன வாக்கைக் கேட்ட உறவினர்கள், அனுப்பிய கடிதங்கள், கைப்பேசிச் செய்திகள், முன்பு தவறாமல் பணம் அனுப்பியதைக் காட்டும் வங்கிப் புத்தகம் ஆகியவற்றைத் திரட்டி, பராமரிப்பு மனுவோடு சேர்த்தே இதையும் கேளுங்கள்.

இன்னும் கையெழுத்துப் போடாதவர்களை நான் மன்றாடிக் கேட்டுக்கொள்வது இதுதான்: செட்டில்மென்ட் எழுதியே ஆக வேண்டுமென்றால், ஆயுள் உள்ளவரை அந்த வீட்டில் குடியிருக்கும் உரிமையையும் வாடகை வருமானத்தையும் உங்களுக்கு வைத்துக்கொண்டு, பராமரிப்பு நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். பெற்ற பிள்ளையிடம் நிபந்தனை போடுவதா என்ற கூச்சத்தால் வெறுங்கையோடு நிற்கும் ஆச்சிமார்களை நான் பார்த்திருக்கிறேன். உயில் எழுதினால் இந்தச் சிக்கலே வராது. மனம் மாறினால் உயிலையும் மாற்றலாம்.

தேவகோட்டை, ஓய்வு பெற்ற அரசுப் பள்ளி ஆசிரியர்: என் மகனுக்கு 31 வயது, அறிவுசார் குறைபாடு உள்ளவன். எங்களுக்குப் பிறகு மகளும் மாப்பிள்ளையும் பார்த்துக்கொள்வார்கள். மகன் பெயருக்கே வீட்டை உயில் எழுதலாமா?

எழுதலாம், ஆனால் அதை மட்டும் செய்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். 18 வயது நிறைந்த பிறகு பெற்றோரும்கூடத் தாமாகவே சட்டக் காப்பாளர் ஆவதில்லை என்பதைப் பலரும் அறியாமல் இருக்கிறார்கள். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்குத் தேசிய அறக்கட்டளைச் சட்டம், 1999-இன்படி மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர் மட்டக் குழு காப்பாளரை நியமிக்கிறது. நீங்கள் இருக்கும்போதே சிவகங்கையில் விண்ணப்பித்து அந்த ஆணையைப் பெற்றுவிடுங்கள். காப்பாளர் ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியலும், பின்னர் ஆண்டுதோறும் கணக்கும் கொடுக்க வேண்டும் என்பது மகனுக்கு நல்ல பாதுகாப்பு.

வீட்டை நேரடியாக அவர் பெயருக்கு எழுதுவதைவிட, உயிலின் வழியே அவருக்காகத் தனியார் அறக்கட்டளை ஒன்றை ஏற்படுத்துவதே நல்லது என்பது என் கருத்து. உடனிருந்து பார்த்துக்கொள்ளும் மகள் காப்பாளராகவும், பணத்தை நிர்வகிக்க நீங்கள் நம்பும் வேறொருவர் அறங்காவலராகவும் இருக்கட்டும். மகள் மீதுள்ள ஐயத்தால் இதைச் சொல்லவில்லை. ஒருவர் நோயுற்றாலோ வெளிநாடு சென்றாலோ மற்றவர் இருப்பார் என்பதற்காகவும், செலவுக்குக் கணக்குக் கேட்க ஒருவர் வேண்டும் என்பதற்காகவும் சொல்கிறேன். இருவருக்கும் அடுத்து யார் என்பதையும் உயிலில் எழுதுங்கள். அரசுப் பணியில் இருந்தவர் என்பதால், உழைத்துப் பிழைக்க இயலாத மகனுக்கு ஆயுள் முழுவதும் குடும்ப ஓய்வூதியம் கிடைக்க வழி உண்டு. மருத்துவச் சான்றுடன் அவர் பெயரை ஓய்வூதிய ஆவணங்களில் இப்போதே சேர்த்துவிடுங்கள்.

கானாடுகாத்தான்: அப்பச்சிக்கு (தந்தைக்கு) மறதி நோய் முற்றிவிட்டது, எங்களையே அடையாளம் தெரியவில்லை. 2016-இல் எனக்குப் பவர் (தமக்காகச் செயல்பட அதிகாரம் தரும் பத்திரம்) எழுதிக் கொடுத்திருக்கிறார். அதைக் கொண்டு நிலத்தை விற்று வைத்தியம் பார்க்கலாமா?

கூடாது. எழுதிக் கொடுத்தவர் இறந்தாலோ மனத்தெளிவை இழந்தாலோ அந்த அதிகாரம் முடிந்துவிடும் என்கிறது இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆம் பிரிவு. நோக்கம் வைத்தியமே ஆனாலும், அந்தப் பவரைக் கொண்டு விற்றால் வாங்கியவரின் உரிமையும் கேள்விக்குள்ளாகும். நினைவிழந்த நிலையில் இருப்பவர்களுக்கு உயர் நீதிமன்றங்கள் ரிட் மனுவின்பேரில் குடும்பத்தாரையே காப்பாளராக நியமித்திருக்கின்றன. நமக்கு அது மதுரைக் கிளை. மருத்துவச் சான்றுகளுடனும், உடன்பிறந்தவர்கள் அனைவரின் சம்மதத்துடனும் செல்லுங்கள்.

கொத்தமங்கலம்: தந்தைக்குக் கண் பார்வை இல்லை, படுத்த படுக்கை. நினைவு தெளிவாக இருக்கிறது. வளவு வீட்டையும் சேர்த்து உயில் எழுத முடியுமா?

செய்வது இன்னதென்று அறிந்திருந்தால் பார்வையற்றவரும் உயில் எழுதலாம். முழுவதையும் வாசித்துக் காட்டியதை உயிலிலேயே குறிப்பிடுங்கள். இரண்டு சாட்சிகள் கட்டாயம். பங்காளிகளில் மூத்தவரைச் சாட்சியாக அழைப்பது நம் வழக்கம். ஆனால் பிற்காலத்தில் ஒரு சாட்சியாவது நீதிமன்றத்துக்கு வர வேண்டியிருக்கும் என்பதால் வயதில் இளையவர்களைத் தேர்ந்தெடுங்கள். பதிவு கட்டாயமில்லை, விரும்பினால் சார்பதிவாளரை வீட்டுக்கு வரவழைத்துப் பதியலாம். வளவு வீட்டில் எத்தனை புள்ளிகள் (பங்குக் குடும்பங்கள்) இருந்தாலும் அவர் தம் பங்கை மட்டுமே எழுத முடியும்.

புதுவயல், பெண், வயது 52: போலியோவால் நடக்க இயலாதவள், திருமணம் ஆகவில்லை. அப்பச்சி உயில் எழுதாமல் காலமானார். காலமெல்லாம் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி, அண்ணன்கள் விடுதலைப் பத்திரத்தில் (என் பங்கை விட்டுக் கொடுக்கும் பத்திரத்தில்) கையெழுத்துக் கேட்கிறார்கள்.

இப்போதைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். தந்தையின் சொத்தில் அண்ணன்களுக்குச் சமமான பங்கு உங்களுக்கு உண்டு. அவர்கள் மனதார அப்படிச் சொல்லலாம். ஆனால் முதலில் சொன்ன 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு தரும் பாதுகாப்பு 60 வயது நிறைந்தவர்களுக்கு மட்டுமே என்பதால், பள்ளத்தூர் ஆச்சிக்கு இருக்கும் வழிகூட உங்களுக்கு இருக்காது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன் 13-ஆம் பிரிவின்படி, ஒரு பணப் பரிவர்த்தனையில் உங்களுக்கு உதவுபவரின் நலனும் உங்கள் நலனும் மோதினால் அவர் அதில் உதவி செய்வதிலிருந்து விலகி நிற்க வேண்டும். எனவே அண்ணன்கள் அழைத்து வரும் பத்திர எழுத்தரை நம்பாமல் உங்களுக்கென்று தனியாக ஆலோசனை பெறுங்கள். வாடகை வரும் பகுதியை உங்களுக்கு ஒதுக்கிப் பாகப்பிரிவினை செய்வதே சிறந்தது. பெண் என்ற முறையிலும் மாற்றுத்திறனாளி என்ற முறையிலும் வருமான வரம்பு பாராமல் உங்களுக்கு இலவச வழக்கறிஞர் கிடைப்பார். வட்டச் சட்டப் பணிகள் குழுவுக்கு ஒரு மனு எழுதி அனுப்புங்கள்.