நுகர்வோர் கேள்வி-பதில்: பழைய லாரியும் வெட்டிய சேஸும்

கேள்வி: 1968 மாடல் டாடா-பென்ஸ் லாரி வாங்கி, என் பழைய காரை ஏற்றிப் போவதற்காக மாற்றிக் கட்டுகிறேன். லாரிக்கு விண்டேஜ் நம்பர் (மிகப் பழைய வண்டிகளுக்கான தனிப் பதிவு எண்) வாங்கித் தருவதாகப் புரோக்கர் 35,000 ரூபாய் வாங்கினார். இப்போது போனை எடுப்பதில்லை. (கோவை வாசகர்)

பதில்: உங்களை ஏமாற்றிவிட்டார். அந்த நம்பர் லாரிக்குக் கிடைக்கவே கிடைக்காது. 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்த்த விண்டேஜ் பிரிவு இருசக்கர வண்டிகளுக்கும், எம்-1 எனப்படும் ஆள் ஏறும் கார் வகைக்கும் மட்டுமே. லாரி, சரக்கு ஏற்றும் என்-வகை. 50 வருஷம் தாண்டினாலும் அதற்கு அங்கே இடமில்லை. காராகவே இருந்தாலும் சேஸ் (வண்டியின் அடிச்சட்டம்), பாடி, இன்ஜின் இவற்றில் பெரிய மாற்றம் செய்திருந்தால் விண்டேஜ் நம்பரில் வரும் ‘விஏ’ எழுத்து தர மாட்டார்கள்.

பணத்தை விட்டுவிடாதீர்கள். யுபிஐ ரசீது, வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் பிரின்ட் எடுத்து, 15 நாள் கெடு வைத்து ஸ்பீட் போஸ்ட்டில் கடிதம் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே மனு கொடுக்கலாம். புரோக்கர் ஊருக்கு அலைய வேண்டாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். சொந்த உபயோகத்துக்கு வாங்கியது என்பதை மனுவிலேயே எழுதுங்கள். வாடகைக்கு ஓட்ட வாங்கியவர் என்றால், அது தன் பிழைப்புக்கான சுயதொழில் என்று தனியாக நிரூபிக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: 1978 ஆர்சி உள்ள டாடா லாரி ஒன்றை விலை பேசுகிறேன். முன்னால் பென்ஸ் நட்சத்திரம் ஒரிஜினல் என்று சொல்லி, விற்பவர் 40,000 கூடுதலாகக் கேட்கிறார். கொடுக்கலாமா? (கரூர்)

பதில்: கூடாது. டாடாவுக்கும் டெய்ம்லர்-பென்ஸுக்கும் 1954-ல் தொடங்கிய கூட்டு 1969-ல் முடிந்தது. அந்த நட்சத்திரம் பிற்பாடு மாட்டியது.

கேள்வி: ஏலத்தில் எடுத்த லாரியில் கேபினுக்குப் பின்னால் சேஸில் விரிசல். மேலே ஒரு பிளேட் வைத்து வெல்டிங் அடித்தால் போதும் என்கிறார் பட்டறைக்காரர். (திருச்செங்கோடு)

பதில்: போதாது. இந்த ஒரு விஷயத்தில் ஏமாந்து எழுதுகிறவர்கள் மாதாமாதம் வருகிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சேஸ் சட்டம் என்பது படுக்கவைத்த ‘ப’ மாதிரி சேனல். மேலும் கீழும் நீட்டியிருக்கும் விளிம்புகள் உதடுகள், அவற்றை இணைப்பது நடுச்சுவர். லோடு ஏறி நடுவில் வளையும்போது மேல் உதடு நசுங்கும், கீழ் உதடு இழுபடும். நடுச்சுவரின் மத்தியில் அழுத்தம் குறைவு. அதனால் ஓட்டை போடுவதானால் நடுச்சுவரில்தான் போட வேண்டும். உதட்டில் ஒரு ஓட்டையோ, குறுக்கே ஒரு வெல்டிங் கோடோ விழுந்தால் அடுத்த விரிசல் அங்கேதான் பிறக்கும். பிளேட்டின் முனையைச் சதுரமாக வெட்டி வைத்தாலும் இதே கதிதான். பிளேட் இருக்கும் இடம் விறைப்பு, அது முடிந்த அடுத்த அங்குலம் இளக்கம். அந்தக் கோட்டிலேயே சட்டம் மறுபடி வெடிக்கும்.

சரியான வேலை இப்படி இருக்கும். முதலில் லோடை இறக்கி, சட்டத்துக்கு ஜாக்கி கொடுத்து நேராக்க வேண்டும். பேட்டரி முனைகளைக் கழற்ற வேண்டும். எர்த் கிளிப்பை வெல்டிங் இடத்துக்குப் பக்கத்திலேயே போட வேண்டும். தள்ளிப் போட்டால் கரன்ட் பேரிங் வழியாகப் பாய்ந்து அதைக் கெடுக்கும். நிறமூட்டும் திரவம் தடவி விரிசல் எங்கே முடிகிறது என்று கண்டுபிடித்து, அந்த நுனியில் 6 மி.மீ. ஓட்டை போட்டு நிறுத்த வேண்டும். விரிசலை ‘வி’ வடிவில் கிரைண்ட் செய்து, காயவைத்த 7018 ரக வெல்டிங் ராடால் நிரப்பி, மட்டமாகத் தேய்த்த பிறகுதான் பிளேட். அதன் இரு முனைகளும் 45 டிகிரி சரிவாக இருக்க வேண்டும். நடுச்சுவரில் ரீமர் கருவியால் அளவு சரிசெய்த ஓட்டையில் இறுக்கமாக உட்காரும் 8.8 அல்லது 10.9 தர போல்ட்டுகள் போட வேண்டும். ஆடுகிற ஓட்டையில் எந்த போல்ட்டும் நிற்காது.

அதைவிட முக்கியம், அந்த விரிசல் ஏன் வந்தது என்பது. மேலே உட்கார்ந்த பாடியின் நீளச்சட்டம் கேபினுக்குப் பின்னால் மொட்டையாக முடிந்திருக்கலாம். இல்லாவிட்டால் யாரோ ஏற்கெனவே சேஸை வெட்டி நீட்டியிருப்பார்கள். சேனலின் உள்பக்கம் கம்பி பிரஷ் போட்டுத் தேயுங்கள். வெளியே பட்டி பார்த்து மறைத்த கோடு உள்ளே துருக்கோடாகத் தெரியும். பழைய ரிவெட்டுகளுக்கு நடுவில் நாலைந்து புது போல்ட் தலைகள் இருந்தால் சந்தேகப்படுங்கள். இரண்டு பக்கமும் வீல்பேஸ் (முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள தூரம்) அளந்து ஆர்சியோடு ஒப்பிடுங்கள். குறுக்குவாட்டத்தில் மூலைக்கு மூலையும் அளந்து பாருங்கள். அளவு ஆர்சியோடு ஒத்துப்போகாத வண்டியை எந்த விலைக்கும் தொட வேண்டாம். ஆர்சி விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்த அளவுக்கு மாறாக இருக்கும்படி வண்டியை மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொல்லிவிட்டது.

கேள்வி: காலி வண்டி தூக்கித் தூக்கிப் போடுகிறது. பின் ஸ்பிரிங் பட்டைகளில் பாதியைக் கழற்றலாமா? (தூத்துக்குடி)

பதில்: பாதி வேண்டாம். மிச்சப் பட்டைகள் அத்தனை பாரத்தையும் சுமந்து மெயின் பட்டை கண்ணருகே உடையும். முதலில் பட்டையின் முனையைச் சேஸோடு இணைக்கும் ஷேக்கிள் பின், புஷ் அசைய முடியாமல் இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். துருவில் ஒட்டிக்கொண்ட பட்டைகள் சறுக்காது. கழற்றித் தேய்த்து கிரீஸ் வைத்தாலே பாதி உதைப்பு குறையும். பட்டையைப் பிரித்தால், அதை அச்சோடு கட்டும் யூ போல்ட்டும் பட்டைகளைக் கோத்து வைக்கும் சென்டர் போல்ட்டும் புதிது போடுங்கள், 500 கி.மீ. ஓடியதும் மறுபடி இறுக்குங்கள். சென்டர் போல்ட் அறுந்தால் அச்சு இடம் மாறி வண்டி கோணலாக ஓடும்.

புதுப் பட்டை வாங்கும்போது பெயின்ட்டை நம்பாதீர்கள். பழையதைக் கறுப்படித்துப் புதிது என்று கொடுத்ததில் பில் இல்லாமல் நானும் பணம் இழந்திருக்கிறேன். பட்டையைத் திருப்பி அடிப்பக்கம் விரலால் தடவுங்கள். அடுத்த பட்டையின் முனை உரசிய இடத்தில் சின்னப் படி தட்டுப்பட்டால் அது ஓடின பட்டை.

கேள்வி: ஆன்லைனில் ஏர் சஸ்பென்ஷன் கிட் 85,000-க்கு வாங்கிவிட்டேன். பைகளும் பைப்பும் மட்டும் வந்தன. பட்டையைக் கழற்றி இதை மாட்டினால் வண்டி தாழுமா? (மதுரை)

பதில்: வாங்குவதற்கு முன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. பட்டைக்கு வேலை இரண்டு: பாரம் தாங்குவது, அச்சை இடத்தில் பிடித்து வைப்பது. காற்றுப்பை முதல் வேலையை மட்டும் செய்யும். அச்சைப் பிடித்து வைக்க கீழே இரண்டு ரேடியஸ் ராடு, மேலே ஒரு வி-ராடு இல்லாமல் பிரேக் அடித்தால் அச்சு சுழன்று, கியர்பாக்ஸையும் பின் அச்சையும் இணைக்கும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டைப் பிடுங்கிவிடும். தனி டேங்க், உயரம் காக்கும் வால்வு, பையில் கசிவு வந்தாலும் பிரேக்கின் காற்றைக் காப்பாற்றும் வால்வு எல்லாம் தனிச் செலவு. வண்டி தாழ்ந்தால் அந்த ஷாஃப்ட்டின் ஜாயின்ட் கோணமும் மாறும். கியர்பாக்ஸ் முனையிலும் பின் அச்சு முனையிலும் கோணம் சமமாக இல்லாவிட்டால் 50 கி.மீ. வேகத்திலேயே வண்டி நடுங்கும்.

இத்தனையும் செய்தாலும், அனுமதியில்லாமல் மாற்றிய வண்டியைச் சாலையில் ஓட்ட முடியாது. மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ பிரிவில் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ரிட்டர்ன் தேதி முடியவில்லை என்றால் இன்றைக்கே திருப்பி அனுப்புங்கள்.

கேள்வி: பழைய லாரியின் டயரில் ட்ரெட் (மேல்பக்கப் பள்ளக்கோடுகள்) தேயாமல் நன்றாக இருக்கிறது. தேதி 1409 என்று இருக்கிறது. ஓட்டலாமா? (சேலம்)

பதில்: 2009-ம் வருஷம் 14-வது வாரம். அவ்வளவு பழைய டயர் வேண்டாம், கழற்றி எறியுங்கள்.

கேள்வி: கார் ஏற்ற நீளமான தளம் வேண்டும். பின்னால் எவ்வளவு நீட்டலாம்? அட்வான்ஸ் எவ்வளவு கொடுக்கலாம்? (நாமக்கல்)

பதில்: பின் அச்சுக்குப் பின்னால் நீட்டுவது வீல்பேஸில் 60 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. ஆர்சியில் 4,225 மி.மீ. என்றிருந்தால் 2,535 மி.மீ.தான் எல்லை. அகலம் 2.6 மீட்டர். பாடி வகை மாறுவதால் ஆர்டிஓ அனுமதியை முதலில் வாங்குங்கள், லாரி பாடி கட்டுவதற்கான ஏஐஎஸ்-093 விதிப்படி கட்டும் பட்டறையாகப் பாருங்கள், இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். அட்வான்ஸ் கால் பங்குக்கு மேல் வேண்டாம். பெயின்ட் அடிக்கும் முன் போல்ட், வெல்டிங் எல்லாவற்றையும் நேரில் பார்த்துப் படம் எடுத்த பிறகு அடுத்த தவணை. எஸ்டிமேட்டில் இரும்பின் கனம், போல்ட் தரம், பட்டை எண்ணிக்கை மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். எழுத மறுக்கிற பட்டறையில் வண்டியை விடாதீர்கள்.