பழைய ஜீப்பா? அடியில் படுத்துப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்

மாங்காய் சீசன் முடிந்து கையில் கொஞ்சம் காசு புழங்குகிற நேரம் போல. இந்த முறை வந்த வாகனக் கேள்விகளில் பாதிக்கு மேல் பழைய ஜீப், மாருதி ஜிப்ஸி பற்றித்தான். எல்லாவற்றுக்கும் பதில் எழுத இடமில்லை, பலருக்கும் உதவும் சிலவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

மாரண்டஅள்ளி பக்கம் மேட்டுக்காட்டில் மாந்தோப்பு இருக்கிறது. மழை பெய்தால் பைக்கே ஏறாது. ஜிப்ஸி வாங்கலாமா, பழைய மகேந்திரா டீசல் ஜீப் வாங்கலாமா? தக்காளிப் பெட்டியும் ஏற்ற வேண்டும்.
— வாசகர், பாலக்கோடு

தக்காளிப் பெட்டியை முதலில் இறக்கி வைத்துவிடுவோம். மார்க்கெட்டுக்குத் தினமும் லோடு அடிக்க வேண்டுமென்றால் ஒரு பழைய லோடு ஆட்டோ வாங்குங்கள், ஜீப்புக்குப் போடுகிற பணத்தில் பாதி மிச்சமாகும். அதோடு ஒயிட் போர்டு (சொந்த உபயோக) வண்டியில் அடுத்தவர் சரக்கை வாடகைக்கு ஏற்றினால் கேஸ் ஆகும்.

தோப்புக்கு ஏறி இறங்க மட்டும் என்றால் இரண்டுமே போதும். ஜிப்ஸி 1985 கடைசியில் வந்தது, அப்போது 970 சி.சி. எஞ்சின். 1996-ல் வந்த கிங் மாடலில் 1298 சி.சி. ஆனது, 2000-க்குப் பிறகு வந்தவற்றில் கார்புரேட்டர் போய் எம்.பி.எஃப்.ஐ. (பெட்ரோலைப் பீய்ச்சி அனுப்பும் முறை) வந்துவிட்டது. வாங்கினால் அந்தக் கடைசி வகையைத் தேடுங்கள். ஒரு டன்னை ஒட்டித்தான் எடை என்பதால் சேற்றில் புதைந்தாலும் நாலு பேர் தள்ளினால் வெளியே வந்துவிடும், இது பெரிய விஷயம். ஆனால் பெட்ரோல் குடிக்கும், மேட்டில் லிட்டருக்கு 10 கி.மீ. கிடைத்தாலே சந்தோஷப்படுங்கள். மகேந்திரா ஜீப்பான எம்.எம். 540-இல் இருப்பது பெஜோ டிசைன் டீசல் எஞ்சின், 2112 சி.சி. மெதுவாகத்தான் போகும், சத்தம் போடும், ஆனால் லோ கியரில் போட்டுவிட்டால் ஆக்சிலரேட்டரில் கால் வைக்காமலே மேடு ஏறும். உங்கள் ஊரில் டீசல் பம்ப், நாசில் பார்க்கத் தெரிந்த பழைய மெக்கானிக் இன்னும் தொழிலில் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். இருந்தால் ஜீப், இல்லாவிட்டால் ஜிப்ஸி. என்னைக் கேட்டால் இதில் வேறு ஆராய்ச்சி தேவையில்லை.

கர்நாடகா நம்பர் ஜீப் ஒன்று மலிவாக வருகிறது. 1997 மாடல். எஞ்சின் மாற்றியிருக்கிறார்கள். "பேப்பரெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்" என்கிறார் விற்பவர். வாங்கலாமா?
— வாசகர், ஓசூர்

தம்பி, "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று சொன்ன இடத்திலேயே எழுந்து வந்திருக்க வேண்டும். ஓசூர்க்காரர்களுக்கு இந்த ஆசை அடிக்கடி வரும், பெங்களூரு பக்கத்திலேயே இருக்கிறது, வண்டியும் மலிவு. மலிவு ஏன் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

முதலில் ஆர்.சி.யை (பதிவுச் சான்று) கையில் வாங்கி, சேஸிஸ் நம்பரையும் எஞ்சின் நம்பரையும் வண்டியில் இருப்பதோடு ஒவ்வோர் எழுத்தாக ஒத்துப் பாருங்கள். சேஸிஸ் நம்பர் இருக்கும் இடத்தில் வெல்டிங் தடமோ, கிரைண்டர் ஓட்டிய அடையாளமோ, அந்த இடத்தில் மட்டும் புது பெயின்ட்டோ இருந்தால் பேச்சே வேண்டாம். எஞ்சின் மாற்றியது தவறில்லை, ஆர்.டி.ஓ.வில் அனுமதி வாங்கி ஆர்.சி.யில் ஏற்றியிருக்க வேண்டும், அதுதான் விஷயம். ஏற்றாமல் இருந்தால் எஃப்.சி.க்கு (தகுதிச் சான்று) போகும்போது நிற்கும், விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பிடிப்பது அதைத்தான்.

அடுத்து என்.ஓ.சி., அதாவது தடையில்லாச் சான்று. கர்நாடகாவில் பதிவான ஆபீஸிலிருந்து ஃபாரம் 28 வந்தால்தான் இங்கே ஓசூரின் TN 70 நம்பர் கிடைக்கும். ஃபைனான்ஸ் இருந்த வண்டியென்றால் ஃபாரம் 35-ம் பைனான்ஸ் கம்பெனி கடிதமும் வேண்டும், கடன் எப்போதோ முடிந்திருந்தாலும் ஆர்.சி.யில் எச்.பி. (வண்டி மேல் கடன் இருக்கிறது என்ற பதிவு) அப்படியே இருக்கும். பெயர் மாற்றத்துக்கான ஃபாரம் 29, 30 இரண்டிலும் விற்பவர் உங்கள் கண்ணெதிரே கையெழுத்துப் போடட்டும். வெற்று ஃபாரத்தில் யாரோ போட்டுவைத்த கையெழுத்து வேண்டாம். ஆர்.சி.யில் இருக்கும் ஆள் வேறு, விற்கிற ஆள் வேறு என்றால் அந்த முதல் ஆளைப் போனிலாவது பிடியுங்கள். தமிழ்நாட்டு வரி தனியாகக் கட்ட வேண்டும், அதையும் விலையோடு கூட்டித்தான் மலிவா இல்லையா என்று பார்க்கணும். கர்நாடகா நம்பரிலேயே ஓட்டிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், 12 மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருந்தால் நம்பர் மாற்றியே ஆக வேண்டும்.

இன்னொன்று. 15 வருடத்துக்குப் பிறகு 5 வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் இந்தக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 20 வருடம் தாண்டிய காருக்கும் ஜீப்புக்கும் 2025 ஆகஸ்ட் அறிவிப்பின்படி 10,000. உங்கள் 1997 மாடல் இந்தக் கணக்கில்தான் வரும். பசுமை வரி இதில் சேராது.

இதெல்லாம் சரியாக இருந்தால் வாங்குங்கள். ஒன்று இடித்தாலும் விடுங்கள், ஜீப் இன்னொன்று வரும்.

மெக்கானிக்கைக் கூட்டிப் போகாமல் நாமே என்னென்ன பார்க்கலாம்?
— வாசகர், அரூர்

மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போங்கள், ஒரு நாள் கூலி கொடுத்தால் போகிறது. ஆனால் அவர் வருவதற்கு முன் பாதி வண்டிகளை நீங்களே தள்ளிவிடலாம்.

ஒரு பழைய சாக்கை விரித்து அடியில் படுங்கள். சேஸிஸ் சட்டத்தை ஸ்பேனரால் தட்டிக்கொண்டே போங்கள், நல்ல இரும்பு கணீரென்று கேட்கும், துருப்பிடித்தது மந்தமாக ஒலிக்கும். ஸ்பிரிங் பட்டையின் ஷேக்கிள் பிடித்திருக்கும் இடங்களும் பாடி மவுன்ட்டும்தான் முதலில் அரிக்கும். ஜிப்ஸியில் தரை விரிப்பைத் தூக்கிப் பாருங்கள், அதற்கு அடியில் தகடே இல்லாமல் பட்டி வைத்து அடைத்த வண்டிகள் உண்டு. அடியில் மட்டும் புதிதாகக் கறுப்பு பெயின்ட் அடித்திருந்தால் சந்தேகப்படுங்கள். எஞ்சினை எப்போது வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம், அரித்த சேஸிஸைத் திருத்துவது ஆகிற காரியமில்லை.

அப்படியே முன்பக்க புரோப்பல்லர் ஷாஃப்ட் (முன் சக்கரங்களுக்கு விசை கொண்டுபோகும் தண்டு) இருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், மைலேஜுக்காக அதைக் கழற்றி எடைக்குப் போட்டுவிட்டு "ஃபோர் வீல் டிரைவ் வண்டி" என்று விற்கிறவர்கள் இருக்கிறார்கள். இருந்தால் மட்டும் போதாது, வேலை செய்கிறதா என்றும் தெரிய வேண்டும். பின் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, எஞ்சினை அணைத்து, ஃபோர் வீலும் ஒரு கியரும் போட்டு, ஒரு முன் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்குங்கள். முன் ஹப்புகளில் லாக் இருந்தால் இரண்டையும் போட்டுவிடுங்கள். இப்போது தூக்கிய சக்கரம் கையால் சுற்றக் கூடாது. சும்மா சுற்றினால் ஹப்போ ஆக்ஸிலோ உள்ளே கிரவுன் பல்சக்கரமோ போயிருக்கிறது. அந்தச் சக்கரத்தையே மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள், ஆட்டம் இருந்தால் கிங் பின் அல்லது வீல் பேரிங். 50, 60 வேகத்தில் ஸ்டியரிங் உதறுகிற வண்டிகளில் பெரும்பாலும் இந்த ஆட்டமோ பந்து ஜாயின்ட் தேய்மானமோதான் இருக்கும்.

காலையில் போங்கள், "நான் வருவதற்கு முன்னால் ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டில் கை வையுங்கள், சூடாக இருந்தால் அவர் எதையோ மறைக்கிறார். எஞ்சின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வரக் கூடாது. நீலப் புகை ஆயில் எரிவதால் வருவது. கறுப்புப் புகைக்கு பம்ப், நாசில் பார்க்க வேண்டும், அது சமாளிக்கக்கூடிய செலவு.

வீட்டுக்காரர் பழைய ஜீப் வாங்கினார். "பிடிமானம் நல்லா இருக்கும்" என்று தொப்பூர் ரோட்டில்கூட ஃபோர் வீல் போட்டேதான் ஓட்டுகிறார். திருப்பும்போது கடகடவென்று சத்தம், ஸ்டியரிங்கும் இறுகுகிறது. இது சரியா?
— வாசகி, தருமபுரி

சரியில்லை சகோதரி. வளைவில் முன் சக்கரங்கள் போகிற தூரம் அதிகம், பின் சக்கரங்கள் போவது குறைவு. இந்த ஜீப்புகளில் அந்த வித்தியாசத்தை வாங்கிக்கொள்ள நடுவில் டிஃபரன்ஷியல் (வேக வித்தியாசத்தைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கர அமைப்பு) கிடையாது. மண்ணில் டயர் கொஞ்சம் சறுக்கிச் சமாளித்துக்கொள்ளும், காய்ந்த தார் ரோட்டில் சறுக்க வழியில்லை, அந்த முறுக்கு முழுவதும் டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் பெட்டி), ஷாஃப்ட்டின் கிராஸ் இணைப்பு, கிரவுன் எல்லாவற்றிலும் ஏறும். ஒருநாள் உடையும். தார் ரோட்டில் டூ வீல்தான். தொப்பூர் இறக்கத்துக்கு மூன்றாவது கியரோ இரண்டாவதோ போட்டு எஞ்சின் பிடியில் இறங்கச் சொல்லுங்கள். அவர் கேட்கவில்லை என்றால் இந்தப் பக்கத்தைக் கிழித்து டேஷ்போர்டில் ஒட்டிவிடுங்கள்.

அஞ்செட்டி காட்டுக்குள் நண்பர்களோடு ஜிப்ஸியில் போக ஆசை. அனுமதி வேண்டுமா?
— வாசகர், கிருஷ்ணகிரி

மெயின் ரோட்டில் போவது வேறு. ரோட்டை விட்டு உள்ளே இறங்காதீர்கள், அது வன உயிரின சரணாலயப் பகுதி, யானை நடமாடுகிற இடம். வனத்துறை அனுமதியில்லாமல் நுழைந்தால் வழக்கு வரும், வண்டியும் போகலாம். ஆசையை யாராவது நண்பரின் மேட்டுக்காட்டில் தீர்த்துக்கொள்ளுங்கள்.

அப்பா வைத்திருந்த 1968 மாடல் ஜீப் இருக்கிறது. வின்டேஜ் என்று பதிவு செய்தால் மதிப்பு கூடுமாமே?
— வாசகர், காவேரிப்பட்டணம்

2021-ல் வந்த விதிப்படி 50 வருடம் தாண்டிய சொந்த உபயோக வண்டியை அப்படிப் பதியலாம், நம்பரில் VA என்று வரும், கட்டணம் 20,000 ரூபாய், 10 வருடத்துக்குச் செல்லும். ஆனால் சேஸிஸ், பாடி, எஞ்சின் பெரிதாக மாறியிருக்கக் கூடாது. பதிந்த பிறகு கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு என்றுதான் ரோட்டில் எடுக்கலாம், தினசரி ஓட்டக் கூடாது. உங்கள் கடிதத்தில் அதிலேயே தோட்டத்துக்கும் சந்தைக்கும் போய்வருவதாக எழுதியிருக்கிறீர்கள், எஞ்சினும் பெட்ரோலிலிருந்து டீசலாக மாறியிருக்கிறது. அப்படியானால் அந்தப் பதிவு உங்களுக்கு ஒத்துவராது. ஆர்.சி. இன்னும் அப்பா பெயரில் இருந்தால் வாரிசுச் சான்றிதழோடு ஃபாரம் 31 கொடுத்து முதலில் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள், டீசல் எஞ்சின் ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா என்பதையும் கையோடு பார்த்துவிடுங்கள்.