ஷூபர்ட்டின் இரண்டு செல்லோக்கள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஷூபர்ட்டின் சி மேஜர் ஸ்ட்ரிங் குயின்டெட்டை (இரண்டு வயலின், ஒரு வியோலா, இரண்டு செல்லோ) நீங்கள் பரிந்துரைத்ததால் சிலமுறை கேட்டேன். முதல் பகுதி பிடித்திருந்தது. இரண்டாவதான அடாஜியோவில், அந்த மெதுவான பகுதியில், தடுமாறுகிறேன். முதல் வயலின் ஓரிரு சுரங்கள் வாசித்துவிட்டு நின்றுவிடுகிறது. பற்றிக்கொள்ள மெட்டே அகப்படவில்லை. எதைப் பின்தொடர்வது?

கே.

அன்புள்ள கே.,

முதல் வயலினை விட்டுவிடுங்கள். வழக்கமாக மெட்டு அதனிடம் இருப்பதால் காது தானாக அங்கே போகிறது. இங்கே மெட்டு நடுவில் இருக்கிறது. இரண்டாம் வயலின், அதைவிடத் தாழ்ந்த குரலுள்ள வியோலா, இன்னும் தாழ்ந்த முதல் செல்லோ மூன்றும் சேர்ந்து நீண்ட வில் இழுப்புகளில் அதைப் பாடுகின்றன. மேலே முதல் வயலின் இடையிடையே ஒரு சொல் சொல்கிறது; அடியில் இரண்டாம் செல்லோ வில்லை விட்டுவிட்டு விரலால் மீட்டுகிறது.

கைபேசியின் ஒலிபெருக்கியில் கேட்டிருந்தால் அந்த மீட்டல் பாதிக்குமேல் காணாமல் போயிருக்கும். செல்லோவின் அடித்தந்தி ஏறத்தாழ 65 ஹெர்ட்ஸ். அவ்வளவு சின்னக் கருவியால் அதை எழுப்ப முடியாது. மீட்டல் கேட்காவிட்டால் காலப்பிரமாணம் பிடிபடாது, இசை நகராததுபோலத் தோன்றும். சுமாரான ஹெட்போன் இருந்தாலே போதும்.

முதல் நான்கைந்து நிமிடங்களை மட்டும் மூன்று முறை கேளுங்கள். முதல்முறை அடியில் உள்ள மீட்டலை மட்டும். அடுத்தமுறை அதற்கு மேலிருந்து முதல் வயலின் எப்படிப் பதில் சொல்கிறது என்று. இந்த இரு கரைகளும் பழகியபின் மூன்றாம் முறை நடுவே போங்கள். மெட்டு அங்கே ஆரம்பத்திலிருந்தே ஓடிக்கொண்டிருப்பது தெரியும்.

பிறகு எல்லோரும் சேர்ந்து ஒரு ஈ சுரத்தை நடுங்க விடுகிறார்கள். அது அரைச்சுரம் ஏறியதும் எஃப் மைனர் என்ற இருண்ட சுரவரிசை வெடிக்கிறது. இப்போது மெட்டு வெளிப்படையாக முதல் வயலினிலும் முதல் செல்லோவிலும். மற்றவை தாளத்துக்குக் குறுக்கே துடிக்கின்றன. பெரும்பாலோர் இந்தக் கொந்தளிப்பைப் புகழ்வார்கள். எனக்கு அதன்பின் முதல் மெட்டு திரும்பும் இடமே இந்தப் படைப்பின் உச்சம். நடுவில் அதே நிதானமான மெட்டு. ஆனால் இரண்டாம் செல்லோவால் பழையபடி அமைதியாக மீட்டிக்கொண்டிருக்க முடியவில்லை. விரைவான சுரங்களில் அடியில் ஓடுகிறது, முதல் வயலினும் மேலே அலைகிறது. நடந்தது எதுவும் மறக்கப்படவில்லை. முடிவுக்குச் சற்றுமுன் எஃப் மைனர் ஒருகணம் மீண்டும் தலைகாட்டும், தவறவிடாதீர்கள்.

மொசார்ட்டும் பீத்தோவனும் குயின்டெட்டுக்கு இரண்டு வியோலா வைத்தவர்கள். ஷூபர்ட் செல்லோவை இரட்டிப்பாக்கினார். ஒன்று அடித்தளத்தைப் பார்த்துக்கொண்டால் மற்றது பாடப் போகலாம். முதல் பகுதியில் ஈ ஃப்ளாட் மேஜரில் வரும் இரண்டாம் மெட்டை இரு செல்லோக்களும் ஜோடியாகப் பாடுவதைக் கேட்டிருப்பீர்கள். 1828 அக்டோபரில் லைப்ஸிக் பதிப்பாளர் ப்ராப்ஸ்டிடம் இதைப் பற்றி எழுதினார், அவர் எடுத்துக்கொள்ளவில்லை. நவம்பர் 19இல் ஷூபர்ட் இறந்தார். வியன்னாவில் முதல் பொது நிகழ்ச்சி 1850இல், அச்சானது 1853இல்.

ஒலிப்பதிவுகளில், 1952இல் பிரான்சின் ப்ராடில் காசல்ஸ், ஸ்டெர்ன், டோர்டெலியர் முதலானோர் வாசித்தது மகத்தானது. ஆனால் மோனோ (ஒற்றைத் தட ஒலி) என்பதால் யார் எங்கிருந்து வாசிக்கிறார்கள் என்று பிரித்தறிவது கடினம். முதலில் மெலோஸ் குவார்டெட் என்ற நால்வர் குழு செல்லோக் கலைஞர் ரோஸ்ட்ரோபோவிச்சுடன் வாசித்த ஸ்டீரியோப் பதிவைக் கேளுங்கள். எந்தப் பதிவிலும் முதல் பகுதியின் நீளத்தைப் பாருங்கள்: 14, 15 நிமிடம் என்றால் தொடக்கத்தில் வரும் மெட்டுகளைத் திரும்ப வாசிக்கவில்லை, 19, 20 என்றால் வாசித்திருக்கிறார்கள். இரண்டாவது வகைதான் வேண்டும், செல்லோ ஜோடியை இன்னொருமுறை கேட்கலாம்.

இன்னொன்று. ஈயிலிருந்து எஃப்புக்கு ஏறிய அந்த அரைச்சுர நகர்வை நினைவில் வைத்துக்கொண்டு மற்ற இரு பகுதிகளுக்கும் போங்கள். மூன்றாம் பகுதி சி மேஜர். அதன் நடுவே வரும், ட்ரியோ எனப்படும் மெதுவான இடைப்பகுதி அரைச்சுரம் மேலே, டி ஃப்ளாட்டில். நான்காம் பகுதி முடியும்போதும் உரத்த டி ஃப்ளாட் ஒன்று சி மேல் உரசிக்கொண்டு இறங்குகிறது. அதைப் பிசிறு என்று எண்ணிவிடாதீர்கள், ஷூபர்ட் எழுதியதே அப்படித்தான்.