அரை மணியில் காணாமல் போகும் அத்தர்

“மணிக்கட்டில் தடவி அரை மணியில் வாசனை போய்விடுகிறது, பக்கத்தில் இருப்பவருக்கோ இன்னும் வருகிறதாம்” என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் எண்ணெய் மேல் தப்பில்லை. உங்கள் மூக்குதான் பழகிவிட்டது. அதிலும் கஸ்தூரி வகைச் செயற்கை மூலக்கூறுகள் பெரியவை, சிலர் மூக்குக்கு எட்டவே எட்டாது. எனக்கும் ஒரு வெள்ளைக் கஸ்தூரி அத்தர் முதல் நாள் வெறும் எண்ணெயாகத்தான் இருந்தது. மறுநாள் துவைக்க எடுத்த சட்டைக் கையிலிருந்து குப்பென்று வந்தது!

ஆல்கஹால் இல்லாததால் அத்தர் தோலை ஒட்டியே கிடக்கும், அதிகம் பரவாது. மணிக்கட்டை விட்டுவிட்டு, முழங்கை மடிப்பில் வாசனையில்லாத க்ரீம் தடவி, மேலே ஒரு சொட்டு வையுங்கள். அடிக்கடி முகராதீர்கள். பழகிப்போன மூக்கைத் தெளியவைக்கக் காப்பிக்கொட்டையை முகரும் வைத்தியமெல்லாம் சும்மா. வெளியே போய்க் கொஞ்சம் காற்று வாங்கிவிட்டு வாருங்கள், போதும்.