மவுஸ் இரண்டு நொடியில் உறைவது பற்றி

நண்பரே, பவர்டாப்பில் (லினக்ஸில் மின்சாரத்தை மிச்சப்படுத்தும் கருவி) ஆட்டோ-டியூன் (மின் சேமிப்பு அமைப்புகளைத் தானாக இயக்கும் வசதி) ஓட்டிய பிறகு மவுஸ் சற்று சும்மா இருந்தாலே உறைகிறது, கிளிக் செய்தால்தான் எழுகிறது என்கிறீர்கள். மவுஸில் பழுதில்லை, புதிதாக வாங்கிவிடாதீர்கள். லினக்ஸ் கர்னலில் (இயங்குதளத்தின் மையப்பகுதி) யூஎஸ்பி ஆட்டோசஸ்பெண்டின், அதாவது சும்மா இருக்கும் யூஎஸ்பி சாதனத்தை உறங்கவைக்கும் வசதியின், இயல்பான காத்திருப்பு 2 நொடி. மவுஸுக்குக் கர்னல் அதைத் தானாக இயக்குவதில்லை. பவர்டாப்தான் 'ஆட்டோ' என மாற்றிவிட்டது. உறங்கும்போது பல மவுஸ்களில் அசைவை உணரும் விளக்கும் அணைந்துவிடும், அதனால்தான் பொத்தானை அழுத்த வேண்டியிருக்கிறது.

சிஸ்எஃப்எஸ்ஸில் (கர்னலின் சாதன அமைப்புகள் கோப்புகளாகத் தெரியும் /sys கோப்புறை) அந்த மவுஸுக்குரிய 'பவர்' கோப்புறைக்குள் 'கன்ட்ரோல்' கோப்பில் 'ஆன்' என்று ஆங்கிலத்தில் எழுதுங்கள், உடனே சரியாகும். ரீபூட் செய்தால் இந்த மாற்றம் போய்விடும். பவர்டாப் ஒவ்வொரு பூட்டிலும் ஓடுகிறதா? அப்படியென்றால் அது ஓடி முடிந்த பிறகு 'ஆன்' என எழுதும் இந்தக் கட்டளை ஓடும்படி வையுங்கள். ஆட்டோசஸ்பெண்டின் காத்திருப்பை -1 ஆக்கி எல்லாச் சாதனங்களுக்கும் மொத்தமாக அணைக்க வேண்டாம். கேமரா, கைரேகை ரீடர் எல்லாம் விழித்திருந்து பேட்டரியைக் குடிக்கும்.