ஹயாமாவில் மதியச் சுஷி: கேள்வி பதில்

கே: டோக்கியோ பக்கத்துக் கடலோர ஊரான ஹயாமா பணக்காரங்க ஊராச்சே. அங்கே கட்டுப்படியாகிற விலையில் சுஷி கிடைக்குமா?

ப: மதியம் போனால் கிடைக்கும். ஜப்பான் அரச குடும்பத்தின் கடலோர மாளிகை 1894 முதல் அங்கே இருக்கிறது. சுற்றிலும் வசதியானவர்களின் வீடுகள், படகுத்துறை. இரவுச் சாப்பாடு கையைக் கடிக்கும். மதியத்தில் ஒரு தட்டு, சூப்போடு சேர்த்து, பெரும்பாலும் 1,500 முதல் 2,500 யெனுக்குள் முடியும்.

கே: அதே சமையல்காரர், அதே மீன். மதியம் மட்டும் ஏன் விலை குறைகிறது?

ப: இரவில் பல கடைகளில் 'ஒமகாசே'. என்ன தருவது என்பதைச் சமையல்காரரே முடிவு செய்து ஒவ்வொன்றாக வைப்பார். ஒரு இருக்கை இரண்டு மணி நேரம் ஒருவருக்கே போய்விடும். மதியத் தட்டு முன்பே தீர்மானமானது, அரை மணியில் எழுந்துவிடுவோம். மீன் வெட்டும்போது மிஞ்சும் ஓரத் துண்டுகளும் வீணாகாது, சோற்றின் மேல் பரப்பித் தரும் 'சிராஷி'க்குப் போய்விடும். என்னைக் கேட்டால் மதியத்துக்குச் சிராஷிதான்.

கே: பட்டியலில் நாமி, ஜோ, தொகுஜோ என்று மூன்று விலை இருக்கிறதே, எதை வாங்க?

ப: நாமி சாதாரணம், ஜோ அதற்கு மேல், தொகுஜோ உச்சம். தொகுஜோவுக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் சூரையின் கொழுத்த வயிற்றுக்கும் சால்மன் முட்டைக்கும்தான் போகிறது. அவை பெரும்பாலும் வேறு கடலில் பிடித்தவை. கடலோர ஊருக்குப் போய் அதை ஏன் சாப்பிட வேண்டும்? நாமி வாங்குங்கள். மிச்சப் பணத்தில், ஊருக்கு எதிரே உள்ள சகாமி விரிகுடாவில் பிடித்தது இன்று என்ன இருக்கிறது என்று கேட்டு இரண்டு துண்டு தனியாக வாங்குங்கள். கோடைத் தொடக்கமென்றால் 'அஜி' கேளுங்கள். நம்ம பாறை மீனின் குடும்பம்தான். துருவிய இஞ்சியும் வெங்காயத்தாளும் வைத்துத் தருவார்கள், அவ்வளவு ருசி! 'ஷிராசு' என்ற பொடிமீனை அங்கே ஜனவரி 1 முதல் மார்ச் 10 வரை பிடிக்கத் தடை. அந்த மாதங்களில் அன்று பிடித்த பச்சை ஷிராசுவை எதிர்பார்க்காதீர்கள்.

கே: அண்ணா, மாமியார் சுத்த சைவம். அவங்களையும் கூட்டிப் போகலாமா?

ப: வெள்ளரிக்காய் வைத்த கப்பா மாகி, முள்ளங்கி ஊறுகாய் வைத்த ஓஷின்கோ மாகி, இரண்டு சோற்றுச் சுருளும் இருக்கும். பொரித்த டோஃபு பையில் சோறு அடைத்த இனாரி பார்க்கச் சைவம், ஆனால் பெரும்பாலும் மீன்சாற்றில் வெந்தது. புளித்த சோயா விழுதில் செய்யும் மிசோ சூப்பிலும் பெரும்பாலும் மீன்சாறுதான். அவங்களுக்கு வேறு கடையில் வயிறாரச் சாப்பாடு வாங்கிக் கொடுத்துவிட்டுப் போவதுதான் மரியாதை.

கே: எப்படிப் போவது?

ப: ஹயாமாவில் ரயில் நிலையம் கிடையாது. டோக்கியோவிலிருந்து யோகோசுகா ரயிலில் ஏறினால் சுமார் ஒரு மணி நேரத்தில் ஜூஷி நிலையம், அங்கிருந்து பேருந்து. கடை திறக்கும் நேரத்துக்கே போய் நில்லுங்கள், மதிய விற்பனை இரண்டு மணி வாக்கில் முடிந்துவிடும். டோக்கியோவின் டோயோசு மீன் சந்தை பல புதன்கிழமைகளில் விடுமுறை, அதையொட்டிக் கடைகளும் மூடுவதுண்டு. கையில் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். டிப்ஸ் தர வேண்டாம்.